உப்புத் தண்ணீர் என்று எழுதினேன்

கடல் தண்ணீர் என்று எழுத வேண்டிய இடத்தில் உப்புத் தண்ணீர் என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். கடலோரம் பிறந்தவராக இருந்தால் நிச்சயம் கேட்பீர்கள். கோயமுத்தூரில் அப்படி இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி வரும்; அது நல்ல தண்ணி. மற்றதில் போர்வெல் தண்ணீர் வரும். அது உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது, அண்டாவில் வெள்ளை படியும், தலைக்கு ஊற்றினால் முடி சிக்காகும். அவ்வளவுதான் அதன் உப்பு. கடலைக் கண்டறியாத நாக்கு வைத்த பெயர் அது!

அந்த ஒரு சொல்லை வைத்து ஓர் உயிரைக் கொன்றேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்... அதனால் எந்தக் காவல் நிலையத்திலும் வழக்கில்லை. ஆனால் அந்த உயிரின் மேல் ஒரு பெண் தன் மூன்று வருடத்தை ஏற்றி வைத்திருந்தாள். பழியை ஒரு மனிதர் சுமந்தார். நான் வேடிக்கை பார்த்தேன்.

சொல்லிவிடுகிறேன். இடையில் நிறுத்தினால் மறுபடி துணிவு வராது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அதன் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நான் நாலாவது வருட ஆராய்ச்சி மாணவன். தறியில் ஓடுவதற்காக நூலுக்கு ஏற்றுகிற கஞ்சியை, பின்னால் துணியிலிருந்து கரைத்தெடுக்கும் நொதி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். தோட்டத்து மண்ணில் இருந்த பாக்டீரியாவிடம் அது கிடைத்தது. ஆனால் எனக்கு முன்னால் எத்தனையோ பேருக்குக் கிடைத்ததுதான் எனக்கும் கிடைத்தது. மாவுச் சத்தைத் தின்கிற கிருமியை எந்த வரப்பில் சுரண்டினாலும் பிடிக்கலாமே!

அப்பா காரமடைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கண்ணாடிக் குழாயைப் பிடித்த கை என்னுடையது. இதை உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை... இல்லை, அதற்காகத்தான் சொல்கிறேனோ? தெரியவில்லை. எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

அப்போதுதான் செல்வராணி வந்து சேர்ந்தாள்.

மண்டபத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் அவளுடையது. அவள் அம்மா பாசி எடுக்கிறவர். இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் முங்கி, பாறையில் வளர்ந்த பாசியைக் கையால் பிய்த்து மேலே வருவார். காய வைத்து விற்கும் அந்தப் பாசியிலிருந்துதான் அல்ஜினேட் என்ற பசையை எடுக்கிறார்கள். அந்தப் பசை லாரி ஏறி எங்கள் பக்கம் வரும். துணியில் பூப்பூவாக அச்சடிக்கிறார்களே, அந்தச் சாயம் வழியாமல் நிற்பது அதனால்தான்.

கரையில் குவித்த பாசி மழையில் நனைந்தால் இரண்டே நாளில் கூழாகிப் போகிறதே, அதைக் கரைப்பது யார்? இதுதான் அவள் கேள்வி. அம்மா வாரி எறியச் சொன்ன அழுகல் குவியலிலிருந்தே அவள் பதிலைப் பிடித்துவிட்டாள். பெயர் வைக்கப்படாத ஒரு கடல் பாக்டீரியா. பாசியின் உடலைக் கட்டி நிறுத்துகிற சர்க்கரைச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கும் நொதி அதனிடம் இருந்தது. அல்ஜினேட்டைத் தட்டில் உறைய வைத்து அதன்மேல் ஊசிமுனையளவு வைத்தால், மறுநாள் காலை அந்த இடத்தில் ஒரு குழி! தான் நிற்கிற தரையைத் தானே தின்று, மெல்ல மெல்லக் கீழே இறங்கும் உயிர்...

முதல் முறை அந்தக் குழியைப் பார்த்தபோது என் வயிறு எரிந்தது. அழகாக இருந்ததால் எரிந்தது.

அந்த உயிருக்குக் கடல் தண்ணீர்தான் வேண்டும். வெளியே கடலின் உப்பு அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அதன் உடல் உடலாக இருக்கும். உப்பில்லாத தண்ணீரில் விட்டால் நீர் உள்ளே புகுந்து, உப்பி, வெடித்துச் செத்துவிடும். அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு நீலக் கேன்களில் கடலை நிரப்பி, பஸ்சின் மேலே போட்டுக் கொண்டுவருவாள்.

வந்த முதல் வாரம் என்னிடம், "அண்ணே, ஒரு வாளி உப்புத்தண்ணி எடுத்துத் தாரீகளா?" என்று கேட்டாள். நான் போர்வெல் குழாயில் பிடித்துக் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் வாளியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னண்ணே! உங்க ஊருல கடலு பைப்புலயா வருது?"

"உப்புத் தண்ணின்னுதானுங்க கேட்டீங்க?"

"எங்க ஊருல அதுக்குப் பேரு கடலுண்ணே!"

அன்றோடு அவள் அந்தச் சொல்லை விட்டாள். கேன்கள்மேல் பெயிண்டால் 'கடல் தண்ணி' என்று எழுதினாள். தன் பாக்டீரியாவுக்கான உணவு நீரைத் தானே தயாரித்தாள். அந்தச் சொல்லுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்பது ஆய்வகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அவளுக்கும் எனக்கும்.

அவள் வந்து மூன்றாவது வருடம், எங்கள் பேராசிரியர் ஒரு நாள் இருவரையும் சோமனூர் தாண்டி ஒரு பிரிண்டிங் பட்டறைக்குக் கூட்டிப் போனார். பட்டறைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கெட் பசையைக் கொண்டுவந்து வைத்தார். குச்சியை நட்டார். குச்சி நின்றது.

"ஏனுங்க அம்மணி, சாயம் பிடிச்சதுக்கப்பறம் இதத் துணியிலருந்து கழுவறதுக்குள்ள எனக்கு உசுரு போகுதுங்க. சுடுதண்ணியாக் காச்சி ஊத்தோணும். உங்க மருந்து இதக் கரைக்குமுங்களா?"

"மருந்தில்லய்யா, நொதி."

"என்னமோ ஒண்ணுங்க. கரைஞ்சாச் சேரி."

செல்வராணி சின்ன பாட்டிலிலிருந்து ஊற்றிக் கலக்கிவிட்டு, குச்சியை மறுபடி நட்டாள். டீ வந்தது. குடித்தோம். எல்லாரும் பேசினார்கள்; நான் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கட்டும், நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்... கடைசி மடக்கு உள்ளே போகும்போது குச்சி லேசாகச் சாய்ந்தது. பிறகு டொக்கென்று பக்கெட்டின் விளிம்பில் விழுந்தது.

"அட சாமி!" பட்டறைக்காரர் குச்சியால் தூக்கிப் பார்த்தார். பசை தண்ணீராக ஒழுகியது. "வாத்தியாரே, இந்த அம்மணிய எங்கீம் உட்டுப்போடாதீங்க!" பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி என்னுங்க பண்றாப்பல?" என்றார்.

"அவரு கஞ்சி கரைக்கறாருங்க," என்றார் பேராசிரியர்.

"கஞ்சிங்களா? அதுக்கு எங்கூட்டு மாட்டுத் தொட்டியே போதுமுங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். செல்வராணி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

திரும்பும் வழியில் பேராசிரியர் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். அடுத்த வருடத் திட்டத்தில் ஒரே ஓர் ஆளைத்தான் வைத்துக்கொள்ள முடியுமாம். யாரென்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? விழுந்த குச்சி சொல்லிவிட்டதே!

அந்த வாரமே, பாக்டீரியாவை வளர்க்கும் அவளுடைய கண்ணாடிக் குழாய்களில் ஒன்றை அவளிடம் கேட்காமல் எடுத்தேன். என்ன செய்வதற்கு? எதற்கும் இல்லை. கையில் வைத்துப் பார்ப்பதற்கு. குளிர்பெட்டியில் என் மண் புட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எங்களை நம்பியவள்.

பிறகு ஒரு புதன்கிழமை விடுதிக்குப் போன் வந்தது. அம்மாவின் காலைப் பாறை கிழித்து, சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடி வந்தாள்.

"வெள்ளிக்கெழம புதுத் தண்ணிக்கு மாத்திருங்கண்ணே. விட்டா செத்துரும். மூணு குழாய்தான் இருக்கு. கேன்ல கடத்தண்ணி இருக்கு, அதுலயே போடுங்க. புதுசு வளந்தத பாத்துட்டு பழச எடுங்க. சரியாண்ணே?"

"போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேனுங்க."

அந்த 'ங்க'வை வைத்து அவள் முன்பு என்னைக் கேலி செய்திருக்கிறாள். "உங்க ஊருல குழி வெட்டுறவுகளும் 'விழுங்க'ன்னு மரியாதையாத்தான் சொல்லுவீகளோ?" அன்று கேலி செய்ய அவளுக்கு நேரம் இல்லை. கடைசிப் பஸ்சுக்கு ஓடினாள்.

எங்கள் ஆய்வக வழக்கம் இது: என்ன வேண்டும் என்று நாங்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். சின்னப்பண்ணன் அதைப் படித்து, அளந்து, கலக்கி, எந்தக் கிருமியும் மிஞ்சாமல் பெரிய பிரஷர் குக்கரில் வேக வைப்பார். வேலை முடிந்ததும் சீட்டை ஜன்னலோரக் கம்பியில் குத்திவிடுவார்.

சின்னப்பண்ணன் ஆய்வக உதவியாளர். ஐம்பதைத் தொட்டவர். அவர் வீட்டாரும் என் வீட்டாரைப் போலவே தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று பைபிள் வாசகம் வாசிப்பவர். இஸ்திரி போட்ட காக்கி மேலங்கி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. மற்றவர் முன்னால் என்னை 'சார்' என்பார். யாரும் இல்லாதபோது 'தம்பி'.

வியாழக்கிழமை காலை சீட்டை எடுத்தேன். 'செல்வராணி பாக்டீரியாவுக்கு ஒரு லிட்டர்' என்று எழுதினேன். பேனா நின்றது. கடல் என்று தொடங்க 'க' போட வேண்டும். அந்த எழுத்தின் முதல் கோட்டைக்கூட இழுத்தேன்... அடித்தேன். 'உப்புத் தண்ணீரில்' என்று எழுதினேன்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது? எத்தனையோ முறை தோண்டிப் பார்த்துவிட்டேன். 'இதுவும் சரியான சொல்தானே, அவளே சொன்ன சொல்தானே' என்று உள்ளே ஒரு குரல் முன்கூட்டியே வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது. வக்கீலைப் பிடித்துவிட்டுக் குற்றம் செய்கிறவன் தெரியாமலா செய்வான்?

சின்னப்பண்ணன் சீட்டைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"தம்பி, அந்தப் புள்ள கேன்ல கொண்டாந்து வெச்சிருக்குதே, அதுங்களா? இல்ல பைப்புத் தண்ணிங்களா?"

கேட்டார்! கவனியுங்கள், அவர் கேட்டார்! தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்தார். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சீட்டுல என்னங்கண்ணா போட்டிருக்குது?"

"உப்புத் தண்ணின்னு போட்டிருக்குதுங்க."

"அப்பறமென்னங்க?"

"சேரீங்க தம்பி."

அவர் கண்ணாடிக் குடுவையோடு நடந்து போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஜன்னல் வழியே பார்த்தேன். போர்வெல் குழாய். குடுவை நிறைந்துகொண்டிருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும். ஏனுங்கண்ணா, அது இல்லீங்க என்று ஒரு வார்த்தை போதும். நான் திரும்பி வந்து நோட்டின் முன் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று குழாய்களிலிருந்தும் எடுத்து, புதிய நீரில் விட்டேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. பழைய குழாய்களை என்ன செய்தேன்? புதியது வளர்ந்ததைப் பார்த்துவிட்டு எடுங்கள் என்று சொல்லியிருந்தாளே... கழுவும் கூடையில் வைத்தேன். கூடையில் இருப்பதெல்லாம் சனிக்கிழமை காலை குக்கருக்குப் போகும். போயிற்று.

பத்து நாள் கழித்து செல்வராணி வந்தாள். அம்மா பிழைத்துக்கொண்டார், கால் விரல் இரண்டு போய்விட்டது. அதைச் சொல்லிக்கொண்டே குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வளர்ந்திருந்தால் கலங்கலாக இருக்க வேண்டும். சிறுவாணி மாதிரி தெளிவாக இருந்தது. அடுத்த குழாய். தெளிவு. மூன்றாவது. தெளிவு...

அவள் குழாய்களை வைத்தாள். அந்த நீரின் மீதி இருந்த குடுவையை எடுத்து, மூடியிருந்த பஞ்சை உருவி, விரலை விட்டு நாக்கில் வைத்தாள். ஆய்வகத்தில் யாரும் செய்யக்கூடாத காரியம். கடற்கரையில் பிறந்தவளின் நாக்கு ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னது.

"உப்பே இல்லையே..." என்றாள். "உப்பே இல்லையேண்ணே!"

நல்லவன் வேலையை நான் அப்போதுதான் தொடங்கினேன். "என்னுங்க சொல்றீங்க?" என்று பதறினேன். நன்றாகவே பதறினேன். அவள் பேராசிரியர் அறைக்கு ஓடினாள். அவள் முதுகு மறைந்ததும் நான் ஜன்னலோரம் போனேன். கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைப் புரட்டி, என் கையெழுத்தைக் கண்டுபிடித்து, உருவினேன். நடுவில் ஓட்டையோடு அது என் சட்டைப் பைக்குள் போனது.

பேராசிரியர் அறையில் நாங்கள் நாலு பேர். செல்வராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தத் தண்ணீல போட்டீங்க?" பேராசிரியர் கேட்டார்.

"உப்புத் தண்ணீலதானுங்கய்யா," என்றார் சின்னப்பண்ணன்.

"போர் தண்ணீலயா?"

"ஆமாங்கய்யா. சீட்டுல அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. கம்பீல குத்தி வெச்சிருக்கறேன். எடுத்துட்டு வாரேனுங்க."

போனார். அந்த அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் சட்டைப் பையில் இருந்த காகிதம் நெஞ்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. எல்லாருக்கும் தெரிகிறது என்று நினைத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வெளியே சீட்டுகளைப் புரட்டும் சத்தம். ஒரு முறை. மறுபடி முதலிலிருந்து ஒரு முறை. பிறகு அவர் செருப்பில்லாத காலடி.

"காணமுங்கய்யா."

பேராசிரியர் என்னைக் கேட்டார். "நீங்க என்னங்க எழுதுனீங்க?"

"கடல் தண்ணின்னுதானுங்க சார் எழுதுனேன்."

சின்னப்பண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் உடைந்திருப்பேனோ என்னவோ. அவர் பார்வை என் முகத்திலிருந்து சட்டைப் பைக்கு இறங்கி, அங்கே கொஞ்சம் நின்று, தரைக்குப் போனது.

"அப்ப நாந்தானுங்கய்யா தப்பாப் படிச்சுப்போட்டேன்."

"படிச்சுக் கிழிச்சீங்க! எத்தன வருசம் கோட்டு மாட்டி உள்ள உட்டாலும் காட்டு வேலப் புத்தி போகாதுங்களா?"

காட்டு வேலைப் புத்தி! என் அப்பாவையும் சேர்த்துத்தான் அந்த வார்த்தை அடித்தது. நான் நின்றேன். அந்தப் புத்திக்கு அப்பாற்பட்டவன்போல, கடல் தண்ணீர் என்று சரியாக எழுதத் தெரிந்தவன்போல, அசையாமல் நின்றேன்.

மறு வாரம் சின்னப்பண்ணனை சைக்கிள் நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. காக்கி மேலங்கியை மட்டும் மடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சோற்றுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பியவரின் பின்னால் படி வரை போனேன். என்ன சொல்வதற்கு? இன்றுவரை தெரியாது.

அவரே பேசினார். "நம்மூட்டுப் புள்ளைக இந்தப் படியேறி வாரது பெரும்பாடுங்க தம்பி. எனக்கு இங்கயிருந்தா என்ன, சைக்கிள்கிட்ட இருந்தா என்ன."

"அண்ணா..."

"நாங்க சனிக்கெழமையானா கோயிலுக்குப் போயி, சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லிப்போட்டு வந்தர்றமுங்க. சொல்றதுக்கு எங்களுக்கு ஒரு எடமிருக்குது." போசியைக் கை மாற்றிக்கொண்டார். "நீங்க எங்க போவீங்க கண்ணு?"

திட்டியிருக்கலாம். கண்ணு என்றார்!

இதோடு முடிந்திருந்தால் இதை எப்போதோ எழுதியிருப்பேன். ஒரு சொல், ஒரு பொய், ஒரு காகிதம். மனிதர்கள் செய்கிற கேவலங்கள்தான் என்று உங்களுக்கும் எனக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். இனி எழுதப்போவதுதான் என்னை இத்தனை காலம் எழுதவிடாமல் வைத்திருந்தது.

செல்வராணி மறுபடி ஊருக்குப் போனாள். அதே பாறை, அதே கரை, அழுகிய பாசிக் குவியல்கள். மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தேடினாள். எத்தனையோ பாக்டீரியா வந்தன. தட்டில் குழி விழவில்லை. இதற்கிடையில் அந்த ஒரே இடத்தைப் பேராசிரியர் எனக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அலமாரியை ஒதுக்கும்போது குளிர்பெட்டியைத் திறந்தேன். மண் புட்டிகளுக்குப் பின்னால் அந்தக் குழாய். நான் திருடிய குழாய்.

ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. செத்திருக்கும் என்று நினைத்தேன். செத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் நீலக் கேனின் அடியில் மிஞ்சியிருந்த கடல் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, முறைப்படி தயாரித்து, அதில் விட்டேன். தட்டிலும் ஒரு புள்ளி வைத்தேன். ஏன் செய்தேன்? காப்பாற்றவா? உறுதிப்படுத்திக்கொள்ளவா?

திங்கள்கிழமை நீர் கலங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை தட்டில் குழி.

குளிரில் உறங்கி, உயிரோடு இருந்தது! அவள் மூட்டை மூட்டையாகத் தேடிக்கொண்டிருந்தது, என் உள்ளங்கையில், ஒரு விரல் நீளக் கண்ணாடிக்குள் உயிரோடு இருந்தது! இரண்டு மேசை தள்ளி அவள் குனிந்து தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கழுத்து வியர்த்திருந்தது. "ஏனுங்க, குளிர்பெட்டீல ஒண்ணு கெடந்துதுங்க" என்று சொன்னால் போதும். எப்படி வந்தது என்று அவள் கேட்கக்கூட மாட்டாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாள்!

அது திரும்ப வந்தால் குச்சி மறுபடி சாயும். பட்டறைக்காரர் மறுபடி அட சாமி என்பார். நான் மறுபடி மாட்டுத் தொட்டி ஆவேன்...

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத மதியம், அந்தக் குழாயையும் புதிதாக வளர்த்ததையும் தட்டையும் குக்கருக்குள் வைத்தேன். அடுப்பைப் பற்றவைக்கச் சின்னப்பண்ணன் இல்லை. நானே பற்றவைத்தேன். ஆவி பீறிட்டது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தேன். சரியான நேரம் வரை பார்த்தேன். ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை.

செல்வராணி இன்னும் ஒரு வருடம் தேடினாள். பிறகு பட்டம் வாங்காமலே போய்விட்டாள்.

அந்தப் பத்தாண்டு முடியும் சமயம் சின்னப்பண்ணன் இறந்தார். சவப்பெட்டிக்குப் பின்னால் கல்லறை வரை நடந்தேன். அதன் பிறகுதான் செல்வராணியைத் தேடிப் போகும் தைரியம் வந்தது. சாட்சி இல்லாமல் போனபின் வந்த தைரியம்... அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொடுமுடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தாள். நெற்றியோரம் நரைத்திருந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். பரீட்சைத் தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு டீ கொடுத்தாள். நான் குடிக்காமல் சொன்னேன். 'க' போட்டு அடித்ததை, போர்வெல் குழாயை, சட்டைப் பைக்குள் போன சீட்டை, பழைய குழாய்களைக் கூடையில் வைத்ததை. ஒரே மூச்சில்.

டீயில் ஆடை படிந்தது.

"சின்னப்பண்ணன்கிட்ட சொன்னீகளா?"

"அவரு போயிட்டாருங்க."

தலையை ஆட்டினாள். பிறகு சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

"நான் ஒவ்வொரு லீவுக்கும் அங்க போறேண்ணே. அதே பாறைதான். ஸ்கூல் லேப்ல வச்சுப் பாக்குறேன். எங்க வீட்டுக்காரரு, உனக்குப் பாசிப் பைத்தியம்பாரு." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "ஒன்னு கேக்குறேன். மறைக்காமச் சொல்லுங்க."

"கேளுங்க."

"ஒரு குழாயாவது மிஞ்சிச்சா? எங்கயாவது?"

மன்னிப்பைப் பற்றி அவள் பேசவே இல்லை, பார்த்தீர்களா? அவளுக்கு என் பாவம் வேண்டாம். அது உயிரோடு இருந்ததா என்பது மட்டும்தான் வேண்டும். ஆவி பீறிடும் சத்தம் என் காதுக்குள் எழுந்தது. சொல்லத்தானே வந்தேன்? பஸ் ஏறி, அத்தனை தூரம், சொல்லத்தானே வந்தேன்!

"இல்லீங்க," என்றேன். "ஒண்ணுமே மிஞ்சலீங்க."

அவள் மூச்சு மெல்ல வெளியே வந்தது. தோள் இறங்கியது.

"அப்பச் சரி," என்றாள். "எங்கயோ ஒரு மூலைல ஒன்னு உசுரோட கெடந்து, நான்தான் பாக்காம விட்டுட்டனோன்னு... இத்தன வருசமா அதுதாண்ணே உறுத்திக்கிட்டு இருந்துச்சு. நீங்க வந்து உண்மையச் சொன்னதால அது தீந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதச் சொல்ல யாருக்கு மனசு வரும்? நல்லா இருங்கண்ணே."

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். கொய்யாப்பழம் வாங்கி, வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் பையில் போட்டாள். பஸ் கிளம்பியபோது கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

இப்போது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அடுத்த லீவுக்கும் அவள் அந்தப் பாறைக்குப் போயிருப்பாள்.